பிடிக்காத வேலையில் இருந்துகொண்டு பொருளுள்ள வாழ்க்கை வாழ முடியுமா?

காப்பீட்டு நிறுவனமொன்றில் ஒன்பது ஆண்டுகளாக ஒரே விதமான இழப்பீட்டுக் கோப்புகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது என்றும், மனதுக்குப் பிடித்த வேலையைத் தேடிப் போகும்படி நண்பர்கள் அனைவரும் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். முடியும் என்பதே என் பதில். அரசு அலுவலகம் ஒன்றின் ஓய்வூதியப் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் உங்கள் சலிப்பை நான் நன்கு அறிவேன்.

முதலில் விருப்பத்தைக் கண்டறிய வேண்டும், அதன்பின் வேலை தானாக இனிக்கும் என்று நானும் நெடுங்காலம் நம்பினேன். அந்த வரிசையை என் மனதில் மாற்றியவர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918இல் எட்டயபுரம் வட்டாரத்து வடமலாபுரத்தில் பிறந்த அவர் விரும்பியது மகப்பேறு மருத்துவத்தை. இராணுவ மருத்துவப் பிரிவில் இருந்த காலத்தில் தாக்கிய முடக்குவாதம் அவரை ஓராண்டுக்கும் மேலாகப் படுக்கையில் கிடத்தி, விரல்களை நிரந்தரமாகக் கோணலாக்கிவிட்டது. பேனா பிடிக்கவே தடுமாறிய கையால் பிரசவம் பார்க்க இயலாது என்றான பிறகுதான் கண் மருத்துவத்துக்கு வந்தார். தம் விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கப் புதிதாகப் பழகி, வாழ்நாளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். விரும்பிய கதவு மூடிய பிறகு கிடைத்த வேலை அது. அதிலும் கண்புரை அறுவையைப் போல ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய வேலை மருத்துவத்தில் குறைவு.

1976இல், 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், உடன்பிறந்தோரின் துணையோடு 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்தக்கூடியவர்களின் வருவாயிலிருந்தே செலுத்த இயலாதவர்களுக்கும் சிகிச்சை அளிப்பது என்பது தொடக்கம் முதலே அங்கு வழக்கம். முதலில் சம்பாதித்துக்கொள், தொண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் நமக்குச் சொல்வதுண்டு. அங்கே சம்பாத்தியமும் தொண்டும் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ் நடந்தன.

தலைமையைப் பற்றிய என் எண்ணமும் அங்கேதான் மாறியது. 2004இல் என் தாயாரின் கண்ணில் விழுந்த புரையை எடுத்து லென்ஸ் வைப்பதற்காக அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். பார்வையைச் சோதிப்பது, கண்ணின் அழுத்தத்தை அளப்பது, சொட்டு மருந்து விடுவது, அச்சத்தைப் போக்கிப் பேசுவது என மருத்துவரின் கை தேவைப்படாத பணிகள் அனைத்தையும் சீருடை அணிந்த இளம்பெண்கள் செய்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி அளிக்கப்படுபவர்கள் அவர்கள். அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் இருக்கும் என்றும், ஒருவருக்குச் சிகிச்சை முடியும்போது அடுத்தவர் ஆயத்தமாக இருப்பார் என்றும் பின்னர் படித்தறிந்தேன். தலைவர் என்றால் எல்லோரையும்விட அதிகம் உழைப்பவர் என்று நினைத்திருந்த எனக்கு, பிறர் கை வீணாகக் காத்திருக்காதபடி வேலையை அமைத்துக்கொடுப்பவரே தலைவர் என்று அப்போது தோன்றியது. வரிசையிலிருந்த ஒவ்வொருவரிடமும் "பாட்டி, மேலே பாருங்க" என்று ஒரே சொற்களைச் சொல்லிச் சொட்டு மருந்து விட்ட பெண்ணின் குரலில் நாற்பதாவது முறையும் அலுப்புத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் கண்ணெதிரே ஒரு முகம் இருந்தது. என் மேசையில் காகிதம் மட்டுமே இருந்தது.

ஊர் திரும்பியதும் ஒரு குடும்ப ஓய்வூதியக் கோப்பை எடுத்து அதன் வரலாற்றைப் படித்தேன். பணிப்பதிவேட்டில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் வேறொரு பெயர் என்று ஒருமுறையும், புகைப்படத்தில் சான்றொப்பம் இல்லை என்று மறுமுறையும், வாரிசுச் சான்றின் நகல் தெளிவாக இல்லை என்று மூன்றாம் முறையும் அது திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. மூன்று குறைகளும் முதல் நாளே கோப்பில் இருந்தவை. கணவரை இழந்த ஒரு பெண்மணி அதனால் பதினான்கு மாதங்கள் பணமின்றிக் காத்திருந்தார், அந்தக் குறிப்புகளில் இரண்டு என் கையெழுத்தில் இருந்தன. அன்று முதல் குறைகள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, அனுப்பிய அலுவலகத்தைத் தொலைபேசியிலும் அழைத்துச் சொல்லத் தொடங்கினேன். கண்காணிப்பாளரான பிறகு, பிரிவிலேயே மிகப் பழைய கோப்பு எதுவோ அதை என் மேசையில்தான் வைத்திருந்தேன். கோப்புகள் அதே கோப்புகள்தாம். ஆனால் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில் காலையில் அலுவலகம் கிளம்பும்போது எனக்கு மனச்சோர்வு வந்ததில்லை.

ஊதியத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, வேலையைத் தொண்டாக நினையுங்கள் என்று முதலாளிகள் உபதேசிப்பதற்கு நான் சொல்வது துணைபோகக் கூடாது. உழைப்புக்கு உரிய ஊதியத்தைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. நியாயமான கோரிக்கைகளைக் காரணமின்றி மறுக்கச் சொல்கிறார்கள் என்றால் அந்த வேலையை விட்டு விலகிவிடுங்கள். சலிப்பு மட்டுமே காரணம் என்றால், கிடப்பிலுள்ள இழப்பீட்டுக் கோப்பு ஒன்றை எடுத்து, அந்தக் குடும்பம் இதுவரை எத்தனை முறை உங்கள் அலுவலகப் படியேறியது என்பதைத் தேதிவாரியாக எழுதிப் பாருங்கள். ஆறு மாதங்கள் அப்படி வேலை செய்த பிறகும் விலகவே தோன்றினால், எனக்கு மீண்டும் எழுதுங்கள்.