எங்கள் ஊர் லயன்ஸ் / ரோட்டரி சங்கத்தின் தொடக்க கால வரலாற்றைப் பிழையில்லாமல் தொகுப்பது எப்படி?

பொன்விழா மலருக்காகக் கேட்டிருக்கிறீர்கள். பழைய வெள்ளிவிழா மலரைப் பார்த்து மட்டும் எழுதிவிடாதீர்கள். அதிலுள்ள தேதிகள் பல, யாரோ நினைவிலிருந்து சொன்னவையாக இருக்கும். அடிப்படை ஆவணம் மினிட்ஸ் புத்தகம்தான், அதாவது கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைக்கும் குறிப்பேடு.

முதல் சிக்கல் சங்கத்தின் பிறந்தநாள். முதல் ஆலோசனைக் கூட்டம், தலைமையகம் சாசனம் (சங்கத்தை அங்கீகரிக்கும் சான்றிதழ்) வழங்கிய நாள், சாசன விழா, சங்கப் பதிவு என நான்கு தேதிகள் இருக்கும். மலர்களில் இவை ஒன்றோடொன்று கலந்துவிடும். இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கமான கல்கத்தா 1919-இல் தொடங்கியது. அதன் சாசனத் தேதி 1920 ஜனவரி 1. இரண்டையும் தனித்தனியே எழுதினால் குழப்பமில்லை. பதிவுச் சான்றிதழின் தேதியைத் தொடக்க நாளாகக் கொள்ளவே வேண்டாம்; நிலம் வாங்கவோ கட்டடம் கட்டவோ முனைந்தபோதுதான் பல சங்கங்கள் பதிவாளர் அலுவலகத்துக்கே போயின.

சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சாசனத்தை இறக்கிப் பாருங்கள். தேதி மங்கியிருந்தாலும் உலகத் தலைவரின் கையெழுத்து பெரும்பாலும் தெரியும். அவர் பதவியில் இருப்பது ஏறத்தாழ ஜூலை முதல் அடுத்த ஜூன் வரை ஓராண்டுதான். பெயரைப் படித்துவிட்டால் ஆண்டு கிடைத்துவிடும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட தாளை உரிக்காதீர்கள், எழுத்து கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு வைத்தே பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுங்கள்.

இந்த ஜூலைக் கணக்கு இன்னொரு பிழைக்கும் காரணம். 1974–75 தலைவர் 1975 மார்ச்சில் கட்டிய பயணியர் நிழற்குடையை மலரில் '1974' என்று போட்டுவிடுவார்கள். நிழற்குடைக்கே போய்க் கல்வெட்டைப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்து எழுத்து மறைந்திருந்தால் சுரண்ட வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது, பள்ளத்தில் விழும் நிழலை வைத்தே படித்துவிடலாம். பள்ளி மேடை, குடிநீர்த் தொட்டி, மயான எரிமேடை எல்லாவற்றுக்கும் இதுவே வழி.

செயலாளர் பதவி ஆண்டுதோறும் கைமாறுவதால் மினிட்ஸ் புத்தகங்கள் ஒரே இடத்தில் இருக்காது. செயலாளர்களின் பட்டியலை முதலில் எழுதி, வீடு வீடாகக் கேளுங்கள். கிடைத்ததை அன்றே ஸ்கேன் செய்யுங்கள். புகைப்படத்துக்கு ஸ்கேன் துல்லியத்தை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) என வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே எடுத்தால்தான் பின்னால் கறையை நீக்க முடியும். ராமபாணப் பூச்சி அரித்த பக்கங்களுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். அது மஞ்சளாகி மையையும் அழித்துவிடும்.

அதிகம் மிகைப்படுத்தப்படுவது கண் சிகிச்சை முகாம் கணக்கு. பரிசோதனைக்கு வந்தவர்கள், அறுவை சிகிச்சைக்குத் தேர்வானவர்கள், செய்துகொண்டவர்கள் ஆகிய மூன்றும் வெவ்வேறு எண்கள். 'பயனடைந்தோர்' என்ற ஒரே சொல்லில் மூன்றையும் அடக்கிவிடுகிறார்கள். அந்த முகாமை நடத்திய மருத்துவமனையின் கடிதமோ பதிவேடோ இருந்தால் அதையே நம்புங்கள்.

சில எல்லைக்கோடுகள் உதவும். லயன்ஸ் இந்தியாவுக்கு வந்தது 1956-இல். அதற்கு முந்தைய தேதி எதுவும் நிற்காது. சென்னை ரோட்டரி 1929-இல் தொடங்கியது. பெண்களுக்கு உறுப்பினர் உரிமை லயன்ஸில் 1987-இலும் ரோட்டரியில் 1989-இலும்தான் வந்தது. எனவே பழைய ரோட்டரிக் குறிப்புகளில் வரும் 'ஆன்' என்பது உறுப்பினரின் மனைவியைக் குறிக்கும். முகாம்களில் சோறு பரிமாறி, நோயாளிகளைக் கைப்பிடித்து அழைத்துப்போன அந்தப் பெண்கள் உறுப்பினர் பட்டியலில் இருக்க மாட்டார்கள். குழுப் படங்களிலிருந்து அவர்கள் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள்.

அதற்குப் படத்தை ஏ4 அளவில் அச்சிட்டு, ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு, மூத்த உறுப்பினர்கள் இருவரிடம் தனித்தனியே காட்டுங்கள். சேர்த்து உட்காரவைத்தால் ஒருவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டிவிடுவார். இருவரும் ஒரே பெயரைச் சொன்னால் மட்டும் மலரில் போடுங்கள்.