ஒரு லைன், நாலு கொம்பியூட்டர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் ஃபைபர் லைன் ஒன்று இருக்கிறது. இவருக்கு வேலைக்கு ஒரு கொம்பியூட்டர், கம்பஸ் போகும் மகளுக்கு லப்டொப், உயர்தரம் படிக்கும் மகனுக்கு இன்னொன்று, போதாததற்கு ஆளுக்கொரு போன். பின் அறையில் மகனுக்கு ஒன்லைன் வகுப்பு அறுந்து அறுந்து போகிறது. கடைக்காரர் பெரிய பக்கேஜுக்கு மாறச் சொல்கிறார், என் தம்பியோ இன்னொரு லைன் எடு என்கிறான். எதைச் செய்ய? (வாசகி, கோண்டாவில்)

பதில்: இரண்டுக்கும் அவசரப்பட வேண்டாம். ஒரு லைனில் நாலு என்ன, பத்துக் கொம்பியூட்டர் வந்தாலும் ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் உங்கள் வீட்டுக்கு ஒரே இணைய முகவரிதான். உள்ளே ரவுட்டர் ஒவ்வொன்றுக்கும் 192.168.1.2, 192.168.1.3 என்று வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி கொடுத்து, யார் எதைக் கேட்டது என்று குறித்து வைத்து, பதில் வந்ததும் கேட்ட ஆளிடமே சேர்த்துவிடுகிறது. பக்கத்து வீட்டிலும் இதே 192.168.1.2 இருக்கலாம், ஒன்றோடொன்று முட்டாது.

வேகத்தையும் ரவுட்டர் நாலாகப் பங்கு பிரித்துக் கொடுப்பதில்லை. மற்றவர்கள் சும்மா இருந்தால் முழுவதும் மகனுக்குத்தான். வீடியோ வகுப்புக்கு விநாடிக்கு 4 மெகாபிட் தாராளம், ஃபைபரில் அது ஒரு பொருட்டே இல்லை. சந்தேகமென்றால் மகனின் கொம்பியூட்டரை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஒருமுறை வேகத்தைப் பாருங்கள், பிறகு பின் அறையில் வைத்துப் பாருங்கள். முன்னுக்கு நல்ல வேகம், பின்னுக்கு இல்லை என்றால் லைனில் பிழையில்லை. பெரிய பக்கேஜ் எடுத்தாலும் பின் அறைக்கு ஒன்றும் கூடப் போவதில்லை.

பெரும்பாலும் நடப்பது இதுதான்: லைன் போட வந்தவர்கள் வயர் எந்த இடத்தால் உள்ளே வந்ததோ அங்கேயே, விறாந்தைப் பக்கச் சுவரிலோ ரீவிக்குப் பின்னாலோ ரவுட்டரைக் கொழுவிவிட்டுப் போயிருப்பார்கள். நம் பக்கத்துப் பழைய கல்வீடுகளின் தடித்த சுவர் இரண்டைத் தாண்டியதும் வைஃபை களைத்துவிடும். அதிலும் 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் ஒடுங்கிவிடும், 2.4 தூரம் போகும், வேகம் குறைவு, அயல் வீட்டு ரவுட்டர்களோடும் குசினியில் ஓடும் மைக்ரோவேவோடும் இடிபட வேண்டும். ஆகவே முதலில் ரவுட்டரை வீட்டின் நடுப்பக்கம் நகர்த்த முடியுமா என்று பாருங்கள். ஃபைபர் நூலை நீங்களாக இழுக்கவோ மடக்கவோ வேண்டாம், முறிந்தால் ஒட்டுவதற்கு ஆள் வரவேண்டும்.

நகர்த்த முடியாதென்றால் (நகர்த்தினாலும் கூட நான் இதைத்தான் சொல்வேன்) இருந்த இடத்தில் இருக்கிற கொம்பியூட்டர்களுக்கு வயர் போடுங்கள், வைஃபையை லப்டொப்புக்கும் போனுக்கும் விட்டுவிடுங்கள். கேட் 5ஈ (Cat 5e) என்ற வலையமைப்புக் கேபிள் 100 மீற்றர் வரை விநாடிக்கு 1 கிகாபிட் கொண்டுபோகும், எந்த வீட்டுக்கும் அது காணும். ரவுட்டரின் பின்பக்கம் வழக்கமாக நாலு துளை இருக்கும். போதாவிட்டால் ஒரு துளையைப் பலதாக்கித் தரும் 'நெட்வேர்க் சுவிட்ச்' என்ற சின்னப் பெட்டி வாங்கினால் சரி. வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள், அலுமினியத்துக்குச் செம்பு பூசியதையும் அதே பெயரில் விற்கிறார்கள்.

வீட்டில் பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தால் அதை அந்தக் கேபிளின் பின் அறை முனையில் வைத்து அங்கேயும் வைஃபை எடுக்கலாம். இங்கேதான் பலர் சறுக்குவது. பழையதை அப்படியே கொழுவினால் வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுக்கத் தொடங்குவார்கள், சில கொம்பியூட்டரில் இணையம் வரும், சிலதில் வராது, ஏன் என்று தெரியாமல் நாள் முழுக்க மண்டையைக் குழப்புவீர்கள். முதலில் பழைய ரவுட்டரின் சொந்த முகவரியை 192.168.1.250 போல ஒன்றாக மாற்றுங்கள், பிறகு அதில் டிஎச்சிபி (DHCP) என்ற, முகவரி கொடுக்கும் வேலையை நிறுத்துங்கள், கேபிளை இணையம் வருவதற்கென்று தனியாக இருக்கும் துளையில் செருகாமல் மற்றைய நாலில் ஒன்றில் செருகுங்கள். உங்கள் ரவுட்டர் 192.168.0.1 என்று தொடங்கினால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுக்கு ஃபைபர் இல்லை, சிம் போடும் 4ஜி ரவுட்டர்தான். இரண்டு லப்டொப். பெரிதாக ஒன்றும் பார்க்காமலே மாத நடுவில் டேற்றா முடிந்துவிடுகிறது. யாராவது களவாக எடுக்கிறார்களா? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள், தெரியாத பெயர் இருந்தால் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஆனால் கள்ளன் வீட்டுக்குள்ளேயே இருக்கத்தான் வாய்ப்புக் கூட. விண்டோஸ் தன்னைப் புதுப்பிப்பதற்குக் கேட்காமல் கொள்ளாமல் இறக்கிக்கொண்டிருக்கும், போன்கள் படங்களை மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். விண்டோஸ் அமைப்புகளில் அந்த வைஃபையை 'அளவிடப்பட்ட இணைப்பு' என்று குறித்துவிடுங்கள், இரண்டு லப்டொப்பிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அதற்காகப் புதுப்பிக்காமலே விட்டுவிடக் கூடாது. உங்கள் பக்கேஜில் இரவு டேற்றா இருந்தால் ஓர் இரவு அந்தக் குறியை எடுத்துவிட்டு முதலில் ஒன்றை, அது முடிந்ததும் மற்றதைப் புதுப்பியுங்கள். 'டெலிவரி ஒப்டிமைசேஷன்' என்ற இடத்தில் வீட்டு வலையமைப்பில் உள்ள கணினிகளிடம் பெற அனுமதித்திருந்தால் இரண்டாவது லப்டொப் ஒரு பகுதியை முதலாவதிடமே வாங்கிக்கொள்ளும், டேற்றா மிச்சம்.

கேள்வி: ஒரே வளவில் எங்கள் வீடும் அக்கா வீடும். இடையில் நாற்பது மீற்றர் வரும். மரத்தோடு மரமாகக் கேபிள் இழுத்து லைனைப் பங்குபோடலாமா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: தூரத்துக்குப் பிரச்சினை இல்லை, மின்னலுக்குத்தான் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகை இடிமுழக்கத்தில் வெளியே தொங்கும் செம்புக் கேபிள் இரண்டு வீட்டு ரவுட்டரையும் சேர்த்துக் கொண்டுபோகும், நேரே விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே போதும். ஃபைபர் கேபிளைக் குழாய்க்குள் விட்டுத் தாட்டு, இரண்டு முனையிலும் ஃபைபரைச் சாதாரண வலையமைப்புக் கேபிளோடு இணைக்கும் 'மீடியா கன்வேர்ட்டர்' பெட்டி வைப்பது நல்லது, கண்ணாடி நூலில் மின்சாரம் பாயாது, ஆனால் உள்ளே இரும்புக் கம்பி ஓடாத கேபிளாகப் பாருங்கள். செலவு கூட என்றால் கூரையில் பூட்டி ஒன்றையொன்று பார்க்க வைக்கும் வெளிப்புற வைஃபைச் சோடி வாங்கலாம், இடையில் மாமரம் மறைக்கக் கூடாது. அதற்கு முன் லைன் எடுத்தபோது கையெழுத்து வைத்த தாளை வாசியுங்கள், வேறு வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று இருக்கலாம்.

கேள்வி: ரவுட்டரே இல்லாமல் ஒரு லப்டொப்பில் வரும் இணையத்தை மற்றதற்குக் கொடுக்க முடியுமா? (வாசகி, மானிப்பாய்)

பதில்: முடியும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'மொபைல் ஹொட்ஸ்பொட்' இருக்கிறது, எட்டுக் கருவி வரை இணையலாம். கொடுக்கும் லப்டொப் தூங்கிப்போனால் எல்லோருக்கும் நின்றுவிடும், எனவே சார்ஜரில் போட்டு, தூங்காமல் இருக்க அமைத்துவிடுங்கள்.