இரண்டு தட்டு

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். விடுமுறை கிடைத்தால் நண்பர்களோடு மலையேறுவேன். இந்தப் பங்குனியில் வெள்ளியங்கிரி போனோம். பெல்ட்டில் ஒரு மடக்குக் கத்தி, சிறிய டார்ச், விசில், சாவிக்கொத்து எல்லாம் மாட்டியிருந்தேன். கத்தி மட்டும் உறைக்குள், உறை பெல்ட்டில் கோத்திருந்தது. ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் குளித்துவிட்டு, ஏழாவது மலை ஏறித் தரிசனம் முடித்துத் திரும்பினோம். இரண்டாவது மலை இறங்கும்போது இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். கத்தியை உறையோடு காணவில்லை. 6,000 ரூபாய். இன்னும் மனம் ஆறவில்லை.

இப்படிப்பட்ட சின்னக் கருவிகளை விழாமல் எடுத்துச்செல்லத் தோல் உறை நல்லதா, நைலான் உறையா? மலையேறுகிறவர்கள் மாட்டும் கொக்கி, அந்தக் கேரபினர் வளையத்தில் தொங்கவிடலாமா? வெளிநாட்டுக்காரர்கள் இதை ஒரு கலையாகவே வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இடுப்பில் கருவி மாட்டும் பழக்கமே இல்லாததால் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. நீங்கள் காடு மேடு சுற்றுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

ச., திருப்பூர்

அன்புள்ள தம்பி,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கத்தியின் விலையை எழுதியிருக்கிறீர்கள். வருத்தத்தை எழுதியிருக்கிறீர்கள். தொலைந்தபோது அது மடிந்திருந்ததா, விரிந்திருந்ததா என்று எழுதவில்லை.

வெள்ளியங்கிரிப் பாதையில் எத்தனையோ பேர் வெறுங்காலோடு ஏறுகிறார்கள். ராத்திரியில், கையில் மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு, டார்ச் வெளிச்சம் எட்டுகிற இரண்டு படியை மட்டும் பார்த்தபடி ஏறுகிறார்கள். அறுபதைத் தாண்டிய அம்மாக்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அந்த மலையில் ஒரு கத்தியைப் போட்டுவிட்டு வந்து, 6,000 ரூபாய் போயிற்றே என்று எனக்கு எழுதுகிறீர்கள். படித்ததும் கோபம் வந்தது. கோபத்தை ஆறவைத்துவிட்டுப் பதில் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உறையோடு போனதாகச் சொல்வதால் மடிந்துதான் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். பாதையிலும் விழுந்திருக்காது. எங்கே போனது என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சுனையில் குளித்தீர்கள். குளிப்பதற்கு பெல்ட்டைக் கழற்றினீர்கள். கோத்த உறை, பெல்ட் இடுப்பில் இருக்கும்வரைதான் பத்திரம். கழற்றிய பெல்ட்டை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் மறுமுனை வழியே வழுக்கி இறங்கிவிடும். அந்தத் தண்ணீரில் முங்கி எழுந்து, பல் கிட்டிக்கொண்டு, விறைத்த விரல்களால் பெல்ட்டைப் பூட்டுகிறவனுக்கு ஒன்று குறைகிறது என்பது எப்படித் தெரியும்? சரி, அது போகட்டும். அதற்குப் பிறகு ஏழாவது மலை ஏறி, சாமி கும்பிட்டு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று என்று இறங்கியிருக்கிறீர்கள். அவ்வளவு தூரமும் கை ஒரு முறைகூட இடுப்புக்குப் போகவில்லை. எனக்கு மனம் ஆறாதது அதனால்தான்.

தோலா நைலானா என்பதற்கு நான் எதற்கு? தோல் மழையில் ஊறும், காய்ந்தால் விறைக்கும். நைலான் சீக்கிரம் உலரும், வருடக்கணக்கில் வெயில் பட்டால் நைந்துபோகும். பிடித்ததை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் நம் ஊரில் பழக்கமே இல்லை என்கிறீர்களே, அதை மட்டும் விடமாட்டேன்.

1991-இல் ஆல்ப்ஸ் மலையில், இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எல்லையில், பனிக்குள் உறைந்த ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. அவன் செத்து 5,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இடுப்பு வாரில் ஒரு தோல் பை. அதற்குள் கல்லில் செய்த சுரண்டி, துளை போடும் கல், எலும்பு ஊசி, தீ மூட்டுவதற்கான காய்ந்த காளான். கல் கத்திக்கு மரநாரில் பின்னிய உறை தனியாக. அந்தப் பை வாரோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது, தம்பி. கோத்துவிட்டுப் போகவில்லை. 6,000 ரூபாய்க் கத்தி வைத்திருந்தவருக்குத் தோன்றாதது அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

கலை என்று இதைத்தான் சொல்கிறீர்கள் என்றால், அது உங்கள் அப்பாருவின், அதாவது தாத்தாவின், இடுப்பிலும் இருந்திருக்கும். அரைஞாண் கயிறு, நம் பக்கத்தில் அரணாக்கயிறு. குளித்தாலும் கழற்றாத பெல்ட் அது. என் அப்பாருவின் அரணாக்கயிற்றில் பெட்டிச் சாவியும் ஒரு முள்வாங்கியும் கிடந்தன. கொறங்காட்டில், எங்கள் மேய்ச்சல் நிலத்தில், வெள்வேல முள் ஏறினால் அப்படியே கீழே உட்கார்ந்து, கயிற்றிலிருந்து அவிழ்க்காமலே குனிந்து, முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நடப்பார். சந்தைக்குப் போகும்போது வேட்டிமேல் பட்டையான பச்சை பெல்ட் ஏறும். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குச் சித்திரையில் ஒரு நடை போய்ப் பாருங்கள், அந்த பெல்ட்டுகள் இன்றும் நடமாடுகின்றன.

அதே அப்பாரு, காட்டில் ஒரு துருப்பிடித்த ஆணியைப் பார்த்தாலும் எடுத்து மடியில் முடிந்துகொள்வார். எனக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது. பிறகு கால்நடை மருத்துவர் ஒருவர் சொன்னார். மாடு பொறுக்கித் தின்பதில்லை, புல்லோடு வந்ததை வளைத்து விழுங்கிவிடும். ஆணியோ கம்பித் துண்டோ உள்ளே போனால் தேனடை போன்ற இரண்டாவது வயிற்றில் தங்கும். அங்கிருந்து முன்பக்கம் குத்தினால் இதயத்தைச் சுற்றிய பைவரைக்கும் போய்விடும். வெளிநாடுகளில் இதற்காக மாட்டுக்குக் காந்தத்தை விழுங்கக் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் காந்தம் இல்லை, அப்பாருவின் மடி இருந்தது.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில், தோட்டத்துக்குப் போகும் வழியில், லாரி ஒன்றில் பனைமரங்களைத் துண்டு போட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செங்கல் சூளைக்கு. அதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவனிடம் இடுப்பு, கத்தி, கீழே விழுந்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பதில் நீண்டுபோவதற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் வரப்பிலும் பனைகள் இருந்தன. தெளுவு, அதாவது பதநீர், இறக்க ஒருவர் வருவார். என் அப்பாவைவிட மூத்தவர். அரை டிராயர் போட்ட நாங்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், அவர் எங்களைச் சாமி என்பார். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒன்பது வயதில் கூப்பிட்டது போதும்.

அவர் இடுப்பில் அரிவாள் பெட்டி இருக்கும். பெட்டி என்றதும் மூடியைத் தேடாதீர்கள். பனை மட்டையை வளைத்து நாரால் இறுக்கிய கூடு, வாய் திறந்தே இருக்கும். பொத்தான் கிடையாது, வார் கிடையாது. பாளை சீவும் அரிவாளின் வளைந்த முதுகு அந்தக் கூட்டின் வளைவில் போய் உட்கார்ந்ததும் தன் கனத்தாலேயே இறுகிக்கொள்ளும். திருப்பிப் போட்டால் பாதிதான் இறங்கும். மரத்தை மார்போடு அணைத்து ஏறுகிறவருக்கு முன்பக்கம் எதுவும் இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருந்தால் கை இடிக்கும். அதனால் வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால் கட்டியிருப்பார். மேலே போய் மட்டையில் உட்கார்ந்தபின் கண் பாளையைவிட்டு நகராது. கை மட்டும் பின்னால் போகும், அரிவாளோடு வரும். பாளை நுனியை வெற்றிலை கனத்துக்குச் சீவும். திரும்பப் போய் வைத்துவிட்டு வரும். அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

ஒரு மாசி மாதக் காலை. மரத்தடியில் பெட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, கலயங்களுக்கு உள்ளே சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு தடவினால் தெளுவு, தடவாவிட்டால் கள், அவ்வளவுதான் வித்தியாசம். நான் அரிவாளை எடுத்தேன். வேலியோரம் கிடந்த சோளத்தட்டு ஒன்றின்மேல் வைத்தேன், வெட்டக்கூட இல்லை, தட்டு இரண்டாகிவிட்டது. பயந்துபோய்ப் பழையபடி கூட்டுக்குள் வைத்தேன். பழையபடி என்று நினைத்துக்கொண்டு வைத்தேன்.

அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏறினார். நான் கீழே குடத்தோடு நின்றேன். பாதிக்கு மேல் போயிருப்பார். ‘கண்ணு!’ என்று ஒரு சத்தம். சாமி என்று கூப்பிடுகிறவர் வாயில் அன்றுதான் அந்தச் சொல் வந்தது. குடத்துக்கும் என் வலது காலுக்கும் நடுவில், பிடி மட்டும் வெளியே தெரிய, அரிவாள் மண்ணில் இறங்கியிருந்தது.

பல வருடம் கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 அடியிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். டவுன் பஸ்ஸின் வேகம்.

இறங்கி வந்தார். அரிவாளைப் பிடுங்கித் துணியில் துடைத்தார். கூட்டுக்குள் விட்டுப் பார்த்தார், சரியாக உட்கார்ந்தது. எடுத்துத் திருப்பி விட்டுப் பார்த்தார், பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த அப்பாருவிடம், தன் கைப்பிசகு என்றார். அப்பாரு அன்று திட்டியதை எழுத முடியாது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். நான் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தவரைக்கும் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து, முதல் அடி வைப்பதற்கு முன் அவர் கை பின்னால் போய்ப் பெட்டியை இரண்டு முறை தட்டும். உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கும் முன்பும் இரண்டு தட்டு. நான் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றால்தான் ஏறுவார். முப்பது நாற்பது வருடம் மரத்தில் இருந்தவர், ஒரு பொடியன் செய்த தப்புக்காகத் தன் கைக்குப் புதிதாக ஒரு வேலை கொடுத்துக்கொண்டார்.

1987-இல் கள்ளுக்குத் தடை வந்தது. தெளுவு இறக்கினாலும் கள் என்று சந்தேகப்பட்டார்கள். அவர் ஏறுவதை விட்டுவிட்டார், மகன் விசைத்தறிக்குப் போனான். வெகுநாள் கழித்து அவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பஸ் வந்ததும் பெஞ்சைவிட்டு எழுந்தார். எழுந்தவர் கை தானாக வலது இடுப்புக்குப் பின்னால் போய் இரண்டு முறை தட்டியது. அங்கே வேட்டிதான் இருந்தது.

உங்கள் கேள்வியை எங்கேயோ விட்டுவிட்டேன். கேரபினர் என்றீர்கள். சாவிக்கும் விசிலுக்கும் சரி, கத்திக்கு வேண்டாம். பூட்டு இல்லாத வளையத்தின் நாக்கு, ஒரு கிளுவைக் குச்சி அழுத்தினாலே திறந்துகொள்ளும். தொங்குவது ஆடும், ஆடுவது எதிலாவது மாட்டும். வெல்க்ரோ போட்ட உறையை விற்க வருவார்கள், அதுவும் வேண்டாம். 1941-இல் சுவிஸ் எஞ்சினியர் ஒருவர் தன் நாயின் மயிரில் ஒட்டிக்கொண்ட காய்களைப் பார்த்துத்தான் அதை யோசித்தார். நம் காட்டு நாயுருவியும் ஒட்டுப்புல்லும் அந்தக் குட்டிக் கொக்கிகளில் ஏறி உட்கார்ந்துவிட்டால், மூடி மூடியிருப்பதுபோல் நடிக்க ஆரம்பித்துவிடும். பனையேறுகிறவர் நிமிர்ந்தே இருப்பவர், வாய் திறந்த கூடு அவருக்குப் போதும். நீங்கள் குனிவீர்கள், வழுக்குப் பாறையில் உட்கார்ந்து சறுக்குவீர்கள். உங்களுக்கு மேல்வாரும் அமுக்குப் பொத்தானும் வேண்டும், பொத்தான் தூசியில் தளர்ந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். முதுகெலும்புக்கு நேரே எதையும் வைக்காதீர்கள், மல்லாந்து விழுந்தால் அதன்மேல்தான் விழுவீர்கள். உறையை பெல்ட்டோடு சேர்த்து இரண்டு தையல் போடச் சொல்லுங்கள். திருப்பூரில் தையல் போட ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள்.

தட்டிப் பார்ப்பதற்கு உறை எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழும்போது ஒரு முறை, பெல்ட்டைப் பூட்டியதும் ஒரு முறை. பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அடுத்த மாசியில் மறுபடியும் ஏறுவீர்கள் என்று தெரியும். ஆண்டி சுனையில், நீங்கள் துணி வைத்த பாறையின் இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். கிடைத்தால் எழுதுங்கள். மடிந்திருந்ததா, விரிந்திருந்ததா என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.