காலி நாற்காலியோடு பேசச் சொல்கிறார்கள், பேசலாமா?

கேள்வி: அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு சொத்துத் தகராறில் கடைசி மாதங்களில் நான் அவரோடு பேசவே இல்லை. தூக்கம் வராமல் கவுன்சலிங் போனால், அங்கே ஒரு காலி நாற்காலியைப் போட்டு ‘அப்பா உட்கார்ந்திருக்கிறார், சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள்’ என்கிறார். பிறகு என்னையே அதில் உட்காரவைத்து அப்பாவாகப் பேசச் சொன்னார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இது சிகிச்சையா, நாடகமா? (பெயர் வேண்டாம், கரூர்)

பதில்: இரண்டும்தான். சிரிப்பு வந்ததற்காகச் சங்கடப்பட வேண்டாம், காலி நாற்காலியைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கும்போது பலருக்கும் வரும்.

நீங்கள் நீங்களாகப் பேசும்போது வருகிற வார்த்தைகள் எல்லாம் இரண்டு வருடமாகப் படுக்கையில் புரண்டபடி சொல்லிச் சொல்லித் தேய்ந்தவை. இடம் மாறி உட்காரும்போதுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. அப்பா எப்படி உட்காருவார், கை எங்கே இருக்கும், கோபம் வந்தால் குரல் ஏறுமா இறங்குமா என்று உடம்பு தேட வேண்டியிருக்கிறது, அந்த நேரம் பார்த்து எதிரே இருப்பவர், ‘பையன் கடைசியில் பேசவே இல்லையே, என்ன நினைத்தீர்கள்?’ என்று அப்பாவாக இருக்கும் உங்களைக் கேட்டால், யோசித்தே வைத்திராத ஒரு பதில் வாயில் வந்துவிடும். இறந்தவர் வந்து பேசுகிறார் என்று யாரும் சொல்லவில்லை. கூடவே வாழ்ந்ததில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த அப்பா ஒருவர் இருக்கிறார், குற்ற உணர்ச்சி அவரை வாய் திறக்கவிடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உளவியலாளர்கள் லெஸ்லி கிரீன்பெர்க்கும் சாண்ட்ரா பைவியோவும் கனடாவில் செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நெருங்கியவர்களோடு தீராத மனத்தாங்கல் இருந்தவர்களில், காலி நாற்காலியோடு பேசியவர்கள், விளக்க வகுப்பில் மட்டும் உட்கார்ந்தவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். இன்னும் நாலைந்து முறை போய்ப் பாருங்கள்.

கேள்வி: நாடகம் போட்டு மனநோயைக் குணப்படுத்தலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? (வாசகர், மதுரை)

பதில்: பாதை போட்டவர் ஜேக்கப் மொரேனோ. 1889இல் புக்கரெஸ்டில் பிறந்து வியன்னாவில் வளர்ந்து டாக்டரானவர். ஃபிராய்ட் இருந்த அதே ஊர், அதே காலம். ஆனால் நோயாளியைப் படுக்கவைத்துப் பேசவிடும் ஃபிராய்டின் முறை இவருக்குச் சரிப்படவில்லை, எழுந்து நின்று நடித்துக் காட்டட்டும் என்றார். 1920களின் தொடக்கத்தில் அங்கே எழுதிவைத்த வசனமே இல்லாத ஒரு நாடக அரங்கு நடத்தினார், அன்றைய செய்தித்தாளில் வந்ததையே மேடையில் நடிப்பார்கள்.

அதில் பார்பரா என்று ஒரு நடிகை, எப்போதும் சாதுவான பெண் வேடம்தான். அவரைக் கல்யாணம் செய்துகொண்ட ஜார்ஜ் ஒருநாள் வந்து, மேடையில் தேவதையாக இருப்பவள் வீட்டில் கத்துகிறாள், அடிக்கிறாள் என்று புலம்ப, மொரேனோ அன்றிரவே பார்பராவுக்குத் தெருவில் வசைபாடிச் சண்டை போடும் பெண்ணின் வேடத்தைக் கொடுத்தார். அந்த மாதிரி வேடங்கள் தொடரத் தொடர வீட்டில் சண்டை குறைந்ததாம், நடுவில் மேடை ஞாபகம் வந்து பார்பராவே சிரித்துவிடுவாராம். பிறகு ஜார்ஜையும் மேடையேற்றி, அவர்கள் வீட்டுச் சண்டையையே நடிக்கவைத்தார். மொரேனோ சொன்ன கதை இது, மனிதர் தன்னைப் பற்றிக் கொஞ்சம் ஜோடித்தே பேசுவார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பதி பின்னாளில் பிரிந்துதான் போனார்கள், கதை சொல்லும் பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

1925இல் அமெரிக்கா போனவர், 1936இல் நியூயார்க் மாநிலத்தில் பீக்கன் என்ற ஊரில் சொந்தமாக மனநல மருத்துவமனை தொடங்கி, அதற்குள்ளேயே வட்ட வட்டப் படிகளும் பால்கனியும் உள்ள மேடை ஒன்றைக் கட்டினார். இப்படி நடிக்கவைத்துச் செய்யும் சிகிச்சைக்கு சைக்கோடிராமா என்று பெயர். காலி நாற்காலியும் இந்த வழியில் வந்ததுதான், அதை ஊர் உலகத்துக்குப் பிரபலமாக்கியவர் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் என்ற மனநல மருத்துவர்.

கேள்வி: கவுன்சலர் என்னை இப்படி ஒரு நாடகச் சிகிச்சைக் குழுவில் சேரச் சொல்கிறார். எனக்கு நடிப்பே வராது. பத்துப் பேர் முன்னால் என் மாமியாரைப் பற்றி எப்படிப் பேசுவது? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: நடிப்பு வராதது நல்லதுதான். நன்றாக நடிக்கத் தெரிந்தவர் பார்ப்பவர்களுக்காக நடிக்க ஆரம்பித்துவிடுவார். முதல் நாளே உங்களை நடுவில் நிறுத்த மாட்டார்கள், மற்றவர் கதைக்கு நீங்கள் துணைக்கு நிற்பீர்கள். உங்கள் முறை வரும்போது குழுவில் ஒருவரை மாமியாராகத் தேர்ந்தெடுத்து, சமையலறை எந்தப் பக்கம், அவர் எங்கே நிற்பார் என்று காட்டுவீர்கள். இன்னொருவர் உங்கள் பின்னால் நின்று, நீங்கள் விழுங்கிவிட்ட வாக்கியத்தை உங்கள் குரலாகச் சொல்லிப் பார்ப்பார், தப்பென்றால் ‘இல்லை, அப்படி இல்லை’ என்று திருத்தலாம். சில நேரம் உங்களை ஓரமாக உட்காரவைத்து, உங்கள் வேடத்தில் வேறொருவர் நடிப்பதைப் பார்க்கச் சொல்வார்கள். ‘நான் இப்படியா தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன்?’ என்று அங்கேதான் பலருக்கு உறைக்கும்.

முடிந்ததும் மற்றவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது. இது விதி. ‘எனக்கும் இப்படி நடந்தது’ என்று தன் கதையைச் சொல்லலாம், ‘நீ கொஞ்சம் அனுசரித்துப் போம்மா’ என்று சொல்ல முடியாது. நம் ஊரில் பத்துப் பேர் கூடிய இடத்தில் அது எவ்வளவு பெரிய ஆறுதல்! பேசியது வெளியே போகாது என்று எல்லாரிடமும் முதலிலேயே உறுதி வாங்குகிறார்களா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் சேர வேண்டாம்.

கேள்வி: இதுவும் சாமியாடுவதும் ஒன்றுதானே? (வாசகர், தேனி)

பதில்: மனப் பாரம் இறங்குகிற விதத்தில் ஒற்றுமை உண்டு. ஆனால் இங்கே ‘இது நான், அது வேடம்’ என்ற நினைவு போகவே கூடாது. போகிற மாதிரி தெரிந்தால் நடத்துபவர் உடனே நிறுத்திவிடுவார்.

கேள்வி: பயிற்சிப் பட்டறை என்று கூப்பிட்டு, என் மகள் வாழ்க்கையில் நடந்த மோசமான சம்பவத்தை எல்லார் முன்னாலும் நடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, திடுக்கிட்டு எழுகிறாள். (ஒரு தாய், சென்னை)

பதில்: அவர்கள் செய்தது தப்பு, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் காயத்தைத் திறந்துவிட்டு ‘சரி, அடுத்தவர் வாங்க’ என்று போவது இந்த முறையே கிடையாது. தெரிந்தவர் செய்தால் மோசமான கட்டத்தை நேராகத் தொடவே மாட்டார், முதலில் துணைக்கு ஓர் ஆளை, பாதுகாப்பான ஓர் இடத்தைக் காட்சியில் உருவாக்குவார், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார். முடிவில் வேடம் போட்ட ஒவ்வொருவரும் தன் சொந்தப் பெயரைச் சொல்லி அந்த வேடத்தை விட்டு வெளியே வர வேண்டும், அதற்கும் நேரம் ஒதுக்குவார்.

மகளை அதே இடத்துக்குத் திரும்ப அனுப்பாதீர்கள், என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். ஒரு மனநல மருத்துவரையோ, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரையோ இந்த வாரமே பாருங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் வாரம் வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நடு இரவில் என்ன செய்வதென்று தெரியவில்லையென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.