வாசகர் கேள்வி–பதில்: பழைய ராணுவ ரைஃபிளை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

(பதிலளிப்பவர், ராணுவத்தில் ஆயுதப் பராமரிப்புப் பணியில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளில் மூன்று இம்முறை இடம்பெறுகின்றன.)

கேள்வி: ஐயா, சென்ற ஆண்டு அமெரிக்காவில் இருக்கும் என் பெரியப்பா மகனின் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் வைத்திருக்கும் எம்1 காரண்ட் ரைஃபிளைச் சுடுதளத்தில் எட்டு முறை சுட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து அதே நினைவாக இருக்கிறேன். முறைப்படி உரிமம் பெற்று அதைப் போன்ற ஒன்றை இங்கே வாங்க முடியுமா? (ஓசூர் வாசகர்)

பதில்: தங்கள் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட ரைஃபிள் அது. இரண்டாம் உலகப் போரில் பிற நாட்டுக் காலாட்படையினரில் பெரும்பாலோர் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை, அதாவது குழலின் பின்பக்கத்தை மூடும் உலோகத் தண்டை, கையால் இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அமெரிக்க வீரர் விசையை மட்டும் விட்டு விட்டு அழுத்தி எட்டுத் தோட்டாக்களையும் சுட்டு முடித்தார். எட்டாவது தோட்டா வெடித்ததும் 'டிங்' என்ற ஒலியோடு தோட்டாக்களைச் சேர்த்துப் பிடித்திருந்த வெற்றுக் கிளிப் மேலே துள்ளி விழுமே, அதைத் தாங்களும் கேட்டிருப்பீர்கள். ராணுவம் கைவிட்ட அந்த ரைஃபிள்களைச் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு அந்நாட்டுக் குடிமக்களுக்கு இன்றும் விற்று வருகிறது.

ஆனால் இங்கே முடியாது. உரிமம் கிடைப்பது கடினம் என்ற பொருளில் இதைச் சொல்லவில்லை. தனிமனிதர் வைத்துக்கொள்ளும் ஆயுத வகையிலேயே அது இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் காரண்ட் போன்ற அரைத் தானியங்கி ரைஃபிள்களை, அதாவது அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொண்டு விசையின் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு குண்டு சுடுபவற்றை, தடைசெய்யப்பட்ட ஆயுதங்களாக வைத்திருக்கின்றன. மாவட்ட ஆட்சியர் தரும் உரிமம் தடைசெய்யப்படாத வகைகளுக்கு மட்டுமே உரியது. தடைசெய்யப்பட்ட வகைக்கு மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். பழைய துப்பாக்கிகளின் மேல் கொண்ட ஈடுபாட்டை அதற்குரிய காரணமாக அரசு ஏற்காது. அனுமதியின்றி அத்தகைய ஆயுதத்தை வைத்திருந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஏழு ஆண்டுகளுக்குக் குறையாமல் பதினான்கு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆகவே யாரேனும் தங்களிடம் வந்து 'வாங்கித் தருகிறேன், பிறகு பேப்பர் போட்டுக்கொள்ளலாம்' என்று சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இந்தத் தடை நம் நாட்டில் மட்டும் இருப்பதன்று. பிரிட்டன் 1988இலும், ஆஸ்திரேலியா 1996இலும், நியூசிலாந்து 2019இலும், பலர் உயிரிழந்த துப்பாக்கிச் சூடுகளுக்குப் பிறகு, இத்தகைய ரைஃபிள்களைப் பொதுமக்களிடமிருந்து பெருமளவு விலக்கிவிட்டன.

நம் சட்டத்தில் பலர் கவனிக்காத இன்னொரு நுட்பமும் உண்டு. கையால் போல்ட் இழுக்கும் பழைய .303 ரைஃபிளும் (எண், குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் குறிப்பது) தடைப்பட்டதுதான், ஏனெனில் ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்திய தோட்டா அதற்குள் பொருந்தும். அதனால்தான் இஷாப்பூரில் உள்ள அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை பொதுமக்களுக்கென்று .315 ரைஃபிளைத் தனியாகச் செய்தது.

சுடும் கலைதான் தங்களை ஈர்த்தது என்றால், ஏர் ரைஃபிளில் தொடங்குங்கள். .177 குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதைச் சிறுவர் விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். பத்து மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளிக்கு உரிய வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வென்றதும் அந்தச் சிறு புள்ளியைச் சுட்டுத்தான்.

கேள்வி: என் தந்தை 1971 போரில் பங்கெடுத்தவர். 'எஸ்.எல்.ஆர். (செல்ஃப் லோடிங் ரைஃபிள்) மாதிரி ஒரு துப்பாக்கி இனி வராது' என்று அடிக்கடி சொல்வார். அதில் அப்படி என்ன சிறப்பு? 'தானே குண்டு ஏற்றிக்கொள்ளும்' என்கிறாரே, அது எப்படி? (பாலக்கோடு வாசகி)

பதில்: அம்மா, தங்கள் தந்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 1962இல் நம் வீரர்கள் .303 ரைஃபிளோடு சீனப் படையை எதிர்கொண்டார்கள். அதன் பிறகு வந்த எஸ்.எல்.ஆரைக் கையில் ஏந்தியவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. எத்தனையோ ஆண்டுகள் அதைக் கழற்றித் துடைத்து மாட்டிய நானும் மறக்கவில்லை.

தோட்டா வெடித்ததும் குண்டைத் தள்ளிக்கொண்டு போகும் புகையில் ஒரு சிறு பங்கு, குழலின் மேற்பக்கத்தில் உள்ள துளை வழியாக ஏறி ஒரு பிஸ்டனைப் பின்னோக்கி அடிக்கிறது. அந்த அடியில் போல்ட்டைத் தாங்கும் பகுதி பின்னே நகர்ந்து, பூட்டியிருந்த போல்ட்டின் பின்முனையைத் தூக்கி விடுவித்து, வெற்றுத் தோட்டாவை இழுத்து வலப்பக்கமாக வெளியே எறிகிறது. அப்போது தோளில் பொருத்தும் பின்கட்டைக்குள் இருக்கும் சுருள்வில் அழுந்துகிறது. அது மீண்டு விரியும்போது, போல்ட் முன்னே பாய்ந்து மேகசின் எனும் தோட்டாப் பெட்டியிலிருந்து அடுத்த தோட்டாவைக் குழலின் பின்முனையில் தோட்டா அமரும் சேம்பருக்குள் தள்ளிப் பூட்டிக்கொள்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் இத்தனையும் முடிந்துவிடும். ஆனால் விரலை விசையிலிருந்து தளர்த்தி மறுபடி அழுத்தினால்தான் அடுத்த குண்டு போகும். தானியங்கிக்கும் அரைத் தானியங்கிக்கும் வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

எவ்வளவு புகை பிஸ்டனுக்குப் போக வேண்டும் என்பதைக் குழலின் மேலுள்ள ஒரு வளையத்தைத் திருப்பி நாமே அமைக்கலாம். புகை குறைந்தால் வெற்றுத் தோட்டா வெளியேறாமல் வாயிலேயே சிக்கிக்கொள்ளும். மிகுந்தால் தோளில் உதை பலமாக விழுவதோடு உறுப்புகளும் தேயும். புதியவர்கள் 'துப்பாக்கி மக்கர் செய்கிறது' என்று ஆயுதக் கிடங்கான கோத்துக்குக் கொண்டுவரும்போது, நான் முதலில் கழற்றுவது பிஸ்டனைத்தான். பெரும்பாலும் அதன் தலையில் கரி இறுகிப் படிந்திருக்கும். துணியால் துடைத்து, வளையத்தைச் சரியான நிலைக்குத் திருப்பிக் கொடுத்தால், அதே துப்பாக்கி நாள் முழுவதும் தடையின்றிச் சுடும். சேற்றையும் மணலையும் தாங்கி உழைத்த அந்த நம்பகத்தைத்தான் தங்கள் தந்தை சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

ஓர் அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு ரைஃபிளின் மேகசினைக் கழற்றியவுடன் அது காலியாகிவிட்டது என்று நம்பி, சேம்பரைப் பார்க்காமல் விசையை அழுத்தினேன். உள்ளே ஒரு தோட்டா இருந்தது. குழல் மணல் மூட்டையை நோக்கி இருந்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மூட்டை கிழிந்து என் பூட்ஸ் மேல் மணல் கொட்டியது. தானே குண்டேற்றும் துப்பாக்கியில் மேகசினைக் கழற்றிய பிறகும் சேம்பரில் ஒன்று தங்கியிருக்கக்கூடும் என்பதால், அதன் பிறகு என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரையும் கண்ணால் மட்டுமல்ல, சுண்டுவிரலை உள்ளே விட்டும் சேம்பரைச் சரிபார்க்க வைத்தேன்.

கேள்வி: காலமான என் தாத்தா பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்று ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். வீட்டை இடித்துக் கட்டும்போது பரணில் அது கிடைத்தது. நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாமா? (அஞ்செட்டி வாசகர்)

பதில்: தங்கள் பெயரில் உரிமம் இல்லாமல் ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது. உரிமம் அதைப் பெற்றவரோடு முடிந்துவிடுகிறது. அவர் காலமானதும் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். ஒப்படைத்த பிறகு வாரிசு என்ற முறையில் தாங்கள் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். தாத்தாவின் பழைய உரிமப் புத்தகம் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள், அது பெரிதும் உதவும். தங்கள் ஊர் காட்டை ஒட்டியிருப்பதால், கணக்கில் வராத நாட்டுத் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருப்பது வேட்டை வழக்கிலும் தங்களைச் சிக்க வைக்கக்கூடும்.

அதைவிட அவசரமான ஒன்று உண்டு. குழலின் வாய்வழியாக வெடிமருந்து திணிக்கும் இத்தகைய நாட்டுத் துப்பாக்கியில், பல ஆண்டுகளுக்கு முன் கெட்டித்த மருந்து இன்றும் வெடிக்கலாம். கம்பியை விட்டுக் குடைய வேண்டாம், குதிரையை (அடித்து மருந்தைப் பற்றவைக்கும் சுத்தி போன்ற உறுப்பை) இழுத்துப் பார்க்க வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம், பேருந்தில் தாங்களே எடுத்துச் செல்லவும் வேண்டாம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல், காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்து, அவர்களையே வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஒப்படைத்ததற்கான ரசீதை மறக்காமல் கையெழுத்தோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.