ஈறில் ரத்தம்: மாத்திரை சப்பினால் போதுமா?

கேள்வி: இரண்டு மாதமாகப் பல் துலக்கித் துப்பினால் நுரையில் ரத்தம் தெரிகிறது. வலி இல்லை. “புரோபயாடிக் மாத்திரை சப்பு, ஈறு சரியாகிவிடும். கிளீனிங் போனால் பல் ஆடும்” என்கிறார் நண்பர். கேட்கலாமா?

பதில்: நண்பர் சொன்னதில் முதல் பாதி அரைகுறை, இரண்டாம் பாதி தப்பு. தப்பை முதலில் முடித்துவிடுகிறேன். கிளீனிங்கால் பல் ஆடாது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, ஏற்கெனவே ஆட வேண்டிய பல்லைச் சில சமயம் காரைதான் (பல்லில் கல்போல இறுகிய படிவு) முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கும். காரையை எடுத்ததும் ஆட்டம் தெரியும், பழி எங்கள் கருவி மேல் விழும். இருபது வருடமாகச் சுமக்கிறேன், பழகிவிட்டது.

சரி, மாத்திரைக்கு வருவோம். பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் பாக்டீரியாக்கள் படலமாக ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ குழுவினர் சோதித்தார்கள். ஈறு நன்றாக இருந்தவர்களிடம் பல் துலக்க வேண்டாம் என்றார்கள். 10 முதல் 21 நாளுக்குள் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்கியதும் தணிந்தது. உங்கள் ரத்தத்துக்கும் பெரும்பாலும் இந்தப் படலம்தான் காரணம்.

புரோபயாடிக் என்பது உயிருள்ள நல்ல பாக்டீரியா. ஈறுக்கு அதிகம் சோதிக்கப்பட்டது லாக்டோபேசிலஸ் ரியூட்டரி. கெட்டதுகளோடு இடத்துக்கும் இரைக்கும் போட்டி போடும், அவற்றை அடக்கும் ஒரு பொருளையும் சுரக்கும். ஈறுக்கு அடியிலும் சுரண்டும் ஆழமான கிளீனிங்கோடு இதையும் கொடுத்த சில ஆய்வுகளில் ரத்தக்கசிவு கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. அதனால்தான் ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டுதல், ஈறு நோய்க்கான கிளீனிங்கோடு இதைச் சேர்க்கப் பரிந்துரைக்கவில்லை. தவிர, இவை வாயில் நிரந்தரமாகக் குடியேறுவதும் இல்லை. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் காணாமல் போய்விடும்.

மூன்று மாதம் சப்பிவிட்டு ஒருவர் என்னிடம் வந்தார். வாய் நாற்றம் குறைந்ததில் அவருக்கு ஏகச் சந்தோஷம். கண்ணாடியைக் கையில் கொடுத்து, கீழ் முன்பற்களின் உள்பக்கத்தைக் காட்டினேன். காரை சுவர் எழுப்பியிருந்தது. கெட்டியாகிப்போன காரையை எந்த பாக்டீரியாவும் கரைக்காது; சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே முதலில் கிளீனிங். ஈறு இடுக்கின் ஆழத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் வரை பயமில்லை. ரத்தம் வரும் இடத்தை பிரஷ் படாமல் விட்டுவிடாதீர்கள், அங்கேதான் மெதுவாகத் துலக்க வேண்டும். சர்க்கரை அளவையும் பாருங்கள். புகைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புகை ரத்தக்கசிவை மறைத்துவிடும், ரத்தம் வரவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

அப்புறமும் மாத்திரை ஆசை இருந்தால், இரவு துலக்கிய பின் மெதுவாகக் கரைய விடுங்கள். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கேள்வி: டாக்டர் கொடுத்த குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷோடு இதையும் எடுக்கலாமா?

பதில்: ஒரு கையால் விதைத்து மறு கையால் களைக்கொல்லி தெளிக்கிற கதைதான். அந்த மவுத்வாஷுக்கு நல்ல பாக்டீரியா எது, கெட்டது எது என்று தெரியாது, இரண்டையும் கொல்லும். நாள் கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறையும் படியும். டாக்டர் சொன்ன நாள் வரை கொப்பளித்து முடித்துவிட்டு, பிறகு மாத்திரையைத் தொடங்குங்கள்.