பச்சைக்கல் காயும்போது மாலை இடிமழை: மதியத்துக்குள் கணிக்க முடியுமா?

பெரியபாளையம் பக்கம் செங்கல் சூளை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மே கடைசியில் இருந்தே பகலெல்லாம் வெயில் கொளுத்துது, சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு இடியோட மழை கொட்டுது. களத்தில் கிடக்கிற பச்சைக்கல் (இன்னும் சுடாத செங்கல்) கரைஞ்சு போகுது. தினமும் தார்ப்பாய் போட்டு மூடினா கூலி கட்டுப்படி ஆகலை. போனைப் பார்த்தா எல்லா நாளும் 40 சதவீதம்னுதான் காட்டுது. மதியத்துக்குள்ள ஒரு முடிவுக்கு வர வழி இருக்கா?"

மதியத்துக்குள் பாதி முடிவு எடுக்கலாம். மீதியை நாலரை மணிக்கு எடுக்க வேண்டும்.

அந்த 40 சதவீதம் தவறான தகவல் கிடையாது. இதே மாதிரியான பத்து நாட்களில் உங்கள் இடத்தில் நான்கு நாள் மழை விழும் என்று அதற்குப் பொருள். எந்த நான்கு நாள் என்பதுதான் அதற்குத் தெரியாது. இடிமேகம் ஒன்று பெரும்பாலும் 5 முதல் 10 கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். தனி மேகமாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பெய்து ஓய்ந்துவிடும். கணினி மாதிரிகளோ நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகின்றன. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2025 மே மாதம் கொண்டுவந்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பில்கூட ஒரு கட்டம் 6 கிலோமீட்டர். கிட்டத்தட்ட கட்டத்தின் அளவே உள்ள மேகத்தை அதனால் துல்லியமாகப் பிடிக்க முடியாது. அதனால், ஊத்துக்கோட்டையில் பெய்யும், பெரியபாளையத்தில் பெய்யாது என்று விடியற்காலையிலேயே யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து, வெயில். நல்ல வெயில் அடித்தால் சாயங்காலம் மழை உண்டு என்று ஊரில் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. தரையில் சூடு வேண்டும், கூடவே ஈரம் வேண்டும், அந்த ஈரக்காற்றை மேலே தூக்கிவிட ஏதாவது ஒன்று வேண்டும். 41, 42 டிகிரி அடிக்கும் நாட்களில் பெரும்பாலும் வறண்ட மேல்காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று) பலமாக வீசி, கடல்காற்றை உள்ளே விடாமல் தடுத்துக்கொண்டிருக்கும். சூடு மிதமிஞ்சி இருந்தும் மேகம் திரளாத நாட்கள் அவை. 37, 38 டிகிரியில் உடம்பெல்லாம் பிசுபிசுக்கிறதே, அந்த நாளில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். வானிலைச் செயலிகளில் பனிநிலை வெப்பம் (dew point) என்று, காற்றில் உள்ள ஈரத்தைக் காட்டும் ஓர் எண் இருக்கும். மதியம் அது 24 டிகிரிக்கு மேல் நின்றால் மழைக்கு வேண்டிய ஈரம் இருக்கிறது. 20க்குக் கீழே இறங்கிவிட்டால் உங்கள் தலைக்கு மேலேயே மேகம் கட்டுவது கடினம்.

காலையில் பார்க்க வேண்டியது உயரக் காற்று. இடிமேகத்தை நகர்த்துவது தரையில் வீசும் காற்றைவிட, 3 முதல் 6 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றுதான். விண்டி போன்ற செயலியில் உயரத்தை 700, 500 ஹெக்டோபாஸ்கலுக்கு (காற்றழுத்த அளவு; ஏறக்குறைய 3, 6 கிலோமீட்டர் உயரம்) மாற்றினால் அது தெரியும். கோடையில், குறிப்பாக ஏப்ரலில், ஜவ்வாது மலையிலும் நகரி மலைப் பக்கமும் மேகம் திரண்டாலும் பல நாட்கள் கடற்கரைப் பக்கம் வராது. அந்த உயரத்தில் காற்று பலவீனமாகவோ கிழக்கிலிருந்தோ இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று பிடித்த பிறகு அது மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வீசும். சித்தூர், புத்தூர், திருத்தணி பக்கம் மதியம் பிறந்த மேகம் சாயங்காலம் உங்கள் களத்துக்கு வருவது இதனால்தான்.

இங்கே நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இடிமேகத்தின் உச்சி தட்டையாகப் பரவி, ஒரு பக்கமாக நீண்டு போகும். அது நீளும் திசையில்தான் மழையும் போகிறது என்று நினைத்துவிடுகிறோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தலைக்கு மேல் 12, 14 கிலோமீட்டர் உயரத்தில் பலமான கீழைக்காற்று ஓடுகிறது. அது மேகத்தின் உச்சியை மேற்கே இழுத்துக்கொண்டு போக, மேகத்தின் அடிப்பகுதியோ மழையோடு கிழக்கே உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும். "மேகம் அந்தப் பக்கம் போயிடுச்சு" என்று தார்ப்பாயைச் சுருட்டி வைத்த பிறகு மழை பிடிக்கிற கதை இப்படித்தான் நடக்கிறது.

மதியம் பார்ப்பதற்கு உங்களிடமே நல்ல கருவி இருக்கிறது: சூளைப் புகை. காலையில் மேல்காற்றில் புகை கிழக்கே சாயும். கடல்காற்று வந்து சேர்ந்ததும் மேற்கே திரும்பும். கடற்கரையில் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு நுழையும் கடல்காற்று, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் உங்கள் ஊருக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கலாம். அது மேல்காற்றோடு முட்டும் கோட்டில் காற்று மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. மேகம் அங்கேதான் கட்டும். புகை இரண்டு மணிக்கே திரும்பிவிட்டால் அந்தக் கோடு உங்களைத் தாண்டி அரக்கோணம், திருத்தணி பக்கம் போய்விடும். அங்கே பிறக்கும் மேகம் உயரக் காற்று மேற்கிலிருந்து இருந்தால் ஆறு, ஏழு மணிக்குத் திரும்பி வரும்; இல்லையென்றால் வராது. புகை நாலு, நாலரைக்குத்தான் திரும்பியது என்றால் கவனம். கோடு உங்கள் தலைக்கு மேலேயே நிற்கிறது. தூரத்தில் எதையும் காட்டாமல் அரை மணி நேரத்தில் மேகம் எழும்பிவிடக்கூடிய நாள் அது. முந்தின இரவு நன்றாகப் பெய்து, காலை பதினொன்று வரை வானம் மூடியே இருந்திருந்தால் வாய்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம். தரை சூடாக நேரம் போதாது.

அப்புறம் நாலு மணி முதல் ரேடார். சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002 முதல் இயங்கும் டாப்ளர் ரேடார் ஒன்று, ஸ்ரீஹரிகோட்டாவில் ஒன்று, பள்ளிக்கரணையில் ஒன்று. உங்கள் ஊர் இவை எல்லாவற்றின் பார்வைக்குள்ளும் வருகிறது. வானிலைத் துறையின் இணையதளத்தில் படம் இலவசம். ஒன்று வராவிட்டால் மற்றதைப் பாருங்கள். படத்தின் ஓரத்தில் உள்ள அளவுகோலில் 40க்கு மேற்பட்ட நிறம் பலத்த மழை. 50ஐத் தாண்டினால் இடியும் சூறைக்காற்றும் கூட வரும். அரை மணி இடைவெளியில் இரண்டு படம் பாருங்கள். நாலரைக்குப் புத்தூரில் இருக்கும் மேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், சுமார் 50 கிலோமீட்டர் கடந்து ஆறரை மணியளவில் உங்களிடம் இருக்கும். அது நாகலாபுரத்திலேயே பெய்து கரைந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். அந்த மழையிலிருந்து கிளம்பும் குளிர்காற்று பல கிலோமீட்டர் முன்னால் ஓடிவந்து, வழியில் இருக்கும் சூடான ஈரக்காற்றைத் தூக்கிப் புது மேகத்தைக் கட்டும். திடீரென்று மேற்கிலிருந்து புழுதியோடு குளிர்காற்று அடித்தால் பல நேரம் பத்து, இருபது நிமிடம்தான் உங்களுக்கு மிச்சம். நுங்கம்பாக்கம் மண்டல மையம் மாவட்டவாரியாக வெளியிடும் மூன்று மணி நேர எச்சரிக்கையையும் அப்போது பாருங்கள். காலையில் பார்த்த சதவீதத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

சரி, எப்போது மூடுவது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தடவை மூட 1,000 ரூபாய் கூலி, நனைந்தால் 8,000 ரூபாய் நட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டில் ஒரு பங்கு, அதாவது 12, 13 சதவீதம் வாய்ப்பு இருந்தாலே மூடுவதுதான் லாபம். உங்கள் சொந்த எண்களைப் போட்டு அந்த வரம்பைக் கண்டுபிடியுங்கள். எல்லாவற்றையும் மூட வேண்டும் என்றும் இல்லை. அன்று அறுத்த கல்தான் முதலில் கரையும். இரண்டு மூன்று நாள் காய்ந்தது சின்னத் தூறலைத் தாங்கும். எனவே மதியத்தில் எடுக்கும் முடிவு, இனி எவ்வளவு கல் அறுப்பது என்பதற்கு. மூடுவதா வேண்டாமா என்பதை நாலரை, ஐந்து மணிக்கு ரேடார் பார்த்து முடிவு செய்யுங்கள். அதற்குள் கல் அன்றைக்குக் காய வேண்டியதும் பெரும்பாலும் காய்ந்திருக்கும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் களம் திறந்தவெளி. அங்கே வேலை செய்பவர்கள்தான் மின்னலுக்கு முதலில் ஆளாகிறார்கள். மின்னலைப் பார்த்துவிட்டு இடி கேட்கும்வரை எண்ணுங்கள்: மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் களத்திலேயே விழலாம். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி, அருகில் மின்னல் விழும்போது எச்சரிக்கும். மேஸ்திரியின் போனில் அதைப் போட்டுவையுங்கள். முதல் இடி கேட்ட பிறகு யாரையும் தார்ப்பாய் இழுக்க அனுப்பாதீர்கள். மூடாமல் விட்டது மூடாமலே கிடக்கட்டும். ஓலைக் கொட்டகையும் பனைமரத்தடியும் பாதுகாப்பு இல்லை. கான்கிரீட் கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய லாரி கேபினுக்குள்ளோ எல்லோரும் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துக் களத்தில் இறங்கி, தேங்கிய தண்ணீரை வெட்டி விடலாம்.